அங்கே புல்லுக்கு என்ன பேர்

கரங்கான், மலேசியா
11.8.2024

ஷாமளாவுக்கு அம்மாச்சி எழுதுறது.

அன்னிக்குக் கோயில்ல இருந்தவங்க இவங்க. நான், அழகம்மா. என் மக வாசுகி, உன்னைப் பெத்தவ. உங்கப்பன் மனோகரன், ஏணி மேல நின்னு சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சிக்கிட்டு இருந்தான். பூசாரி பரஞ்சோதி, வேலை செய்யாம வேலை சொல்லிக்கிட்டு இருந்தாரு. மருந்தடிக்கிற கும்பலை மேய்க்கிற மண்டோர் ராமையா. அவன் தங்கச்சி இராசாத்தி, நம்ம பக்கத்து வீடு, கையில துடைப்பம். தோட்டத்துக் கண்டக்டர் கதிரவேலு, யாழ்ப்பாணத்து ஆளு, களைவெட்டு, மருந்து, ஸ்டோர் சாவி எல்லாம் அவர் கையில. அவர் வேலை செய்ய வரல, மோட்டார்சைக்கிள்ல வந்து நின்னு பார்த்தாரு. அப்புறம் நீ. ஆறு வயசு. கோயில் படிக்குக் கீழே குந்திக்கிட்டு தொட்டாற்சிணுங்கியைத் தொட்டுத் தொட்டு மூட வச்சிக்கிட்டு இருந்த.

இவ்வளவுதான். இதுக்கு மேல யாராவது நானும் இருந்தேன்னு சொன்னா பொய். வாசுகி சாவு வீட்டுல நிறைய பேரு வந்து நானும் அன்னிக்கு இருந்தேனே, நானும் பார்த்தேனேன்னு அழுதாங்க. இல்ல.

இதை எதுக்கு எழுதுறேன்னா, போன வாரம் இராசாத்தி தன் போன்ல ஒரு படம் காட்டினா. நீ நடுவுல நிக்கிற. உன் ரெண்டு பக்கமும் பொம்பளைங்க, முதுகுல பம்பு, கையில குழாய். எல்லாரும் சிரிக்கிறீங்க. கீழே என்னமோ எழுதியிருந்துச்சு. இராசாத்தி படிச்சா: என் களைக்கொல்லி அணி.

செம்பனை எண்ணெய்த் தோட்டத்துல கன்று நடுற வேலைன்னு சொல்லிட்டுத்தானே போனே? ஏர்போர்ட்ல என் காலைத் தொட்டுக் கும்பிட்டுச் சொன்னே. உங்கம்மா புல் மருந்துல செத்தா. நீ கடல் தாண்டிப் போய் புல் மருந்து அடிக்கிற கும்பலுக்குத் துரைசாணி ஆயிட்டே.

போன்ல கூப்பிடாதே. நீ வாங்கிக் கொடுத்த போனை ஆஃப் பண்ணி அரிசிப் பானையில போட்டுட்டேன். உன் குரலைக் கேட்டா நான் இளகிடுவேன். எழுதினா இளக மாட்டேன், எனக்கு என்னைத் தெரியும். இதை இராசாத்தி படம் எடுத்து அனுப்புவா. நீயும் காகிதத்துல எழுதி, படம் எடுத்து, அவ போனுக்கே அனுப்பு. அவ எனக்குப் பெருசாக்கிக் காட்டுவா. டைப் அடிக்காதே. கையெழுத்தைப் பார்த்தாத்தான் நீ பொய் சொல்றியான்னு எனக்குத் தெரியும்.

ஒண்ணு மட்டும் கேட்கிறேன். அங்கே புல்லுக்கு என்ன பேர்? நீ எதையெல்லாம் கொல்றேன்னு எனக்குத் தெரியணும். பேர் பேரா எழுது. அவங்க பாஷையிலேயே எழுது.

அம்மாச்சி

*

கினின்தே, எக்குவடோர்
25.8.2024

அம்மாச்சிக்கு,

பொய் சொன்னது உண்மை. சமாதானம் சொல்ல மாட்டேன். நீங்க அதை வாங்கவும் மாட்டீங்க.

இங்கே ஸ்பானிய மொழி பேசறாங்க. நீங்க கேட்ட பேர்களை எழுதுறேன். களைக்கு மலேசா. புல்லுக்கு யெர்பா. செம்பனைக்குப் பால்மா, ஓலைக்கும் இலைக்கும் ஓஹா, வேருக்கு ராயிஸ். நம்ம பாக்குக் கீரை மாதிரி சுருண்ட தளிரோட பனை மரத்துல ஒட்டி வளருதே, அந்தப் பெரணிக்கு எலேச்சோ. நாம பறிச்சு மிளகாய்ச் சம்பால் போட்டுச் சமைப்போம்னு சொன்னேன். இவங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. ரப்பர் மரத்துக்கு கௌச்சோ. இங்கேயும் பழைய மரங்க நிக்குது, யாரும் பால் வெட்டல.

காட்டுக்கு ஒரே பேர் இல்ல அம்மாச்சி. வானம் தெரியாத பெரிய மழைக்காடுன்னா செல்வா. மரம் நின்னா போதும்னா போஸ்கே. ஆள் கவனிக்காம விட்டு, முள்ளும் கொடியும் மண்டிப்போனா மோந்தே. வெட்டின காட்டுல மறுபடி தானா முளைச்சு வருதே, அது ராஸ்த்ரோஹோ. ஆத்து வாயில, சதுப்புல பாக்காவ் மரம் வேரைத் தூக்கிக்கிட்டு நிக்கிற இடம் மாங்லார். தஞ்சோங் டாவாய்க்கு நெத்திலி வாங்கப் போனப்போ படகுல இருந்து பார்த்தோமே, அந்த மாதிரி.

நான் கொல்றது இதுல மலேசா மட்டும்தான். பனைக்கு அடியில ஒரு வட்டம், அறுவடைக்காரங்க நடக்கிற பாதை, அவ்வளவுதான். எலேச்சோவை விடச் சொல்றேன், அது மண்ணைப் பிடிச்சு வைக்கும். உங்களுக்கு இது சமாதானமா இருக்காது.

இந்தப் பேர்களை எல்லாம் சொல்லும்போது எனக்கு ஒண்ணுமே ஆகறதில்ல. தமிழ்ல புல் மருந்துன்னு யாராவது சொன்னா இன்னும் என் வாய் காஞ்சிடும். இங்கே அதே டப்பாவைத் தூக்கிக் காட்டி வேற சத்தத்துல சொல்றேன், வாய் காயறதில்ல. இது நல்லதா கெட்டதான்னு தெரியல. செடி கொடி பேர் தவிர வேற எதுவும் எனக்கு சரியா பேச வராது. கடையில முட்டை வாங்க கோழி மாதிரி கை ஆட்டிக் காட்டினேன்.

கும்பல்ல மார்லெனின்னு ஒருத்தங்க இருக்காங்க. புருஷன் செத்துட்டாரு, மாமியாரையும் பிள்ளைங்களையும் தனியா பார்த்துக்கிறாங்க. அவங்கதான் எனக்கு வாத்தியார். ஒரு செடியைப் பிடுங்கி மூஞ்சிக்கு நேரா ஆட்டுவாங்க, நான் பேர் சொல்லணும். தப்பா சொன்னா அதாலேயே மண்டையில தட்டுவாங்க. நேத்து தொட்டாற்சிணுங்கியைக் காட்டினாங்க. அதுக்கு இங்கே தோர்மிதேரா. தூங்குறவன்னு அர்த்தமாம்.

முகமூடி, கையுறை, பூட்ஸ் இல்லாம ஒருத்தரையும் நான் மருந்து தொட விடறதில்ல. அதுக்காகத்தான் இந்த வேலைக்கு வந்தேன்னு சொன்னா நம்புவீங்களா?

அன்னிக்கு யார் யார் இருந்தாங்கன்னு எழுதினீங்க. என்ன நடந்துச்சுன்னு நீங்க எனக்கு முழுசா சொன்னதே இல்ல.

இராசாத்தி பாட்டியைக் கேட்டேன்னு சொல்லுங்க.

ஷாமளா

*

கரங்கான்
15.9.2024

ஷாமளாவுக்கு,

பேரெல்லாம் படிச்சேன். காட்டுக்குச் செல்வான்னு பேரா? நம்ம கடைசி லயத்து வீட்டுல ஒரு செல்வா இருந்தான், மூணு மாசத்துக்கு ஒருதரம்தான் முடி வெட்டிக்குவான். பேர் வச்சவனுக்குத் தெரிஞ்சிருக்கு. அவன் எங்கிட்ட வாங்கின பாராங் கத்தியை வாய் மழுங்கத் திருப்பிக் கொடுத்தான். நீ பொறக்கிறதுக்கு முன்ன. அதுக்கப்புறம் அவனுக்கு நான் ஒரு கத்தரிக்காய் கூட வெட்டக் கத்தி கொடுக்கல.

முகமூடி, கையுறைன்னு எழுதியிருக்க. வாசுகிக்கு மருந்து முதுகுல ஒழுகிச் சாவு வரல. அவ பம்பையே தொட்டதில்ல, நர்சரியில பை நிரப்புற வேலை. கேட்டேல்ல, கேளு.

உனக்கு விஷ ஜுரம் வந்து கிடந்தே. கண்ணு முழிக்கல. நீ பிழைச்சா திருவிழாவுல கோயிலைச் சுத்தி உருண்டு வரேன்னு வாசுகி மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டா. நீ பிழைச்ச. திருவிழா வந்துச்சு. கோயிலைச் சுத்தி லாலாங் புல்லு, அதுக்கு அடியில பாய் விரிச்ச மாதிரி தொட்டாற்சிணுங்கி. பார்க்கத்தான் பூனைக்குட்டி, தண்டு பூரா முள்ளு. சங்குல் போட்டுக் கொத்தினா மேல போகும், வேரு நிக்கும், காஞ்ச முள்ளு மண்ணோட கிடக்கும். அதுல ஈரச் சேலையோட உருள முடியுமா? ராமையா சொன்னான், "வாசுகி உருளப்போற தரை அக்கா. ஒரு முள்ளு இருக்கக்கூடாது. என் பொறுப்பு."

ஸ்டோர்ல இருந்து மருந்தை டப்பாவோட எடுத்துட்டு வர முடியாது. ஒரு சார்சி சோடாப் போத்தல்ல ஊத்தி சட்டைக்குள்ள வச்சிக் கொண்டாந்தான். வேலைக்கு வந்தவங்க குடிக்கிறதுக்கு மாமரத்து நிழல்ல தண்ணி வாளி, சிராப், சார்சி எல்லாம் வச்சிருந்துச்சு. பம்பு எடுக்கப் போறப்போ போத்தலை அங்கே ஓரமா வச்சிட்டுப் போனான். அந்த நேரம் பார்த்து கண்டக்டர் மோட்டார்சைக்கிள் சத்தம். மருந்து வெளியே போனது தெரிஞ்சா அன்னிக்கே வேலை போகும், லயத்து வீடும் போகும். ராமையா கோயிலுக்குப் பின்னாடி போயிட்டான், வரவே இல்ல.

கண்டக்டர் கிளம்புற மாதிரி தெரியல. தூணுக்கு என்ன பெயிண்ட்டுன்னு பூசாரிகிட்ட பேசிக்கிட்டு நின்னாரு. வாசுகி புழுதியோட வந்தா. ஒரு போத்தலைத் தூக்கி அண்ணாந்து ஒரு வாய் ஊத்தினா. உடனே துப்பினா. மூஞ்சியை அப்படி ஒரு கோணல் பண்ணினா.

பரஞ்சோதி சொன்னாரு, "கடைக்காரன் கெட்டுப்போனதை வித்துட்டான் போல."

கதிரவேலு, "என்ன பிள்ளை, உள்ளுக்கை வேற சாமான் இருக்குதோ? எனக்கும் கொஞ்சம் தாங்கோவன்"னாரு.

ஏணி மேல இருந்து உங்கப்பன் சிரிச்ச சிரிப்புல சுண்ணாம்பு கீழே கொட்டிச்சு. வாசுகியும் சிரிச்சா. வாயைக் கொப்புளிச்சிட்டு மறுபடி புல்லு வாரப் போனா.

சாயங்காலம் வாய் எரியுதுன்னா. மறுநாள் நாக்கு பூரா புண்ணு. கிளினிக்ல சூட்டுப் புண்ணுன்னு மருந்து கொடுத்தாங்க. அதுக்கும் மறுநாள்தான் ராமையா வந்து வாசல்ல உட்கார்ந்து, சொன்னான். இருட்டினப்புறம்தான் வந்து போத்தலை எடுத்துட்டுப் போனானாம், அது குறைஞ்சிருந்ததை வீட்டுலதான் பார்த்தானாம். கண்டக்டர் கார்லதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். "வெளிக்கிடுங்கோ அழகம்மா, நேரம் போகுது"ன்னு அவரே வந்து நின்னாரு. ஆனா சீட்ல ஒரு துணியை விரிச்சிட்டு உட்காரச் சொன்னாரு. அதையும் நான் மறக்கல.

அவளுக்குப் புத்தி கடைசி வரைக்கும் தெளிவா இருந்துச்சு. பேசினா. உன்னை ரெட்டைச் சடை போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பச் சொன்னா. மூச்சு மட்டும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா சின்னதாச்சு.

உங்கப்பன் வருஷம் திரும்பறதுக்குள்ள குளிம்ல வேற ஒருத்தியைக் கட்டினான். அது வேற கதை. ராமையாவுக்கு வேலை போச்சு, குடிச்சான், செத்தான். சாவுக்குப் போனேன். தண்ணி கூடக் குடிக்கல.

தொட்டாற்சிணுங்கிக்குத் தூங்குறவன்னு பேர் வச்சிருக்காங்கன்னு எழுதியிருந்தே. சரியான பேர்தான்.

அம்மாச்சி

*

கினின்தே
30.10.2024

அம்மாச்சிக்கு,

உங்க கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதல. எழுத உட்கார்ந்தா ஒண்ணும் வரல. அழுகையும் வரல. அம்மா வேண்டிக்கிட்டது எனக்காகத்தான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச பிறகும் காலையில எழுந்து, மஸ்டர்ல பேர் கூப்பிட்டு, மருந்து கலக்குற இடத்துல நின்னு, வீட்டுக்கு வந்து சோறு சமைச்சேன். இதைப் படிச்சா உங்களுக்குக் கோபம் வரும்.

இப்ப அவசரமா ஒண்ணு கேட்கணும். அங்கே விடிஞ்சா தீபாவளி. மன்னிச்சிக்கோங்க.

நவம்பர் ரெண்டாம் தேதி இங்கே செத்தவங்க நாள். அதுக்கு முன்னாடி எல்லாரும் கல்லறைக்குப் போய்ப் புல்லு வெட்டி, சுண்ணாம்பு அடிச்சு, பூ வைப்பாங்க. கருப்புச் சோளமாவும் பழமும் போட்டு ஊதா நிறத்துல ஒரு கஞ்சி காய்ச்சி, போத்தல்ல ஊத்தி எடுத்துட்டுப் போய் அங்கேயே உட்கார்ந்து குடிப்பாங்க. நம்ம கோயில்ல எல்லாரும் கூடி வேலை செய்ற கோத்தோங் ரோயோங் மாதிரிதான். சிரிப்பு, சத்தம், பிள்ளைங்க.

இன்னிக்கு வேலை முடிஞ்சு கேட்ல பையைச் சோதிக்கிற இடத்துல நின்னேன். மார்லெனி பையில ஒரு சோடா போத்தல். மூடி துணியால கட்டியிருந்துச்சு. அந்த நிறம் எனக்குத் தெரியும், தினமும் கலக்குறேனே. அவங்க புருஷன் கல்லறை பூரா மோந்தே மண்டிக் கிடக்குதுன்னு போன வாரமே சொல்லிக்கிட்டு இருந்தாங்க. பாராங் போட்டு வெட்ட இடுப்பு விடலையாம்.

பக்கத்துல எங்க பெரியவர் நின்னாரு, இங்கே இன்ஜினியர்னு கூப்பிடுவாங்க. மருந்து வெளியே போனா உடனே வேலை நீக்கம், அதை எழுதி ஒட்டினதே நான்தான். மார்லெனி என்னைப் பார்த்தாங்க. நான் பார்த்ததையும் பார்த்தாங்க. நான் பையை மூடி, போங்கன்னு கை காட்டினேன்.

நாளைக்கு அவங்க கல்லறைக்குப் போறாங்க. இன்ஜினியர்கிட்ட சொன்னா அந்த வீட்டுக்கு வர்ற ஒரே சம்பளம் நின்னுடும். சொல்லாம இருந்தா, அவங்க பத்து வருஷமா மருந்தடிக்கிறவங்க, எங்கே வைக்கணும்னு தெரியாதா என்ன? ஒண்ணும் ஆகாதுன்னு எனக்கே சொல்லிக்கிறேன். நீங்க என்ன சொல்றீங்க?

ஷாமளா

*

கரங்கான்
31.10.2024, தீபாவளி

ஷாமளா,

எண்ணெய்ச் சட்டியை அடுப்புல வச்சிட்டு இதை எழுதுறேன். இராசாத்தி பக்கத்துல நிக்கிறா, முடிச்சதும் உடனே அனுப்புவா.

பார்த்தியா? பார்த்துட்டுக் கையைக் காட்டி அனுப்பினியா?

நான் உனக்குச் சொல்லாத ஒண்ணு இருக்கு. ராமையா அந்தப் போத்தலைக் கொண்டுவந்ததை அன்னிக்கு ஒருத்தர் பார்த்திருக்காங்க. மாமரத்து அடியில எங்கே வச்சான்னும் தெரியும். அதுக்குள்ள சார்சி இல்லன்னும் தெரியும். கண்டக்டர் நிக்கிறாரே, வாயைத் திறந்தா ராமையா பொழப்பு போகுமேன்னு இரக்கப்பட்டு நின்னாங்க. அவர் போகட்டும், அப்புறம் எடுத்துடலாம்னு நின்னாங்க. ஒண்ணும் ஆகாதுன்னு அவங்களும் தனக்குத்தானே சொல்லிக்கிட்டிருப்பாங்க.

அவ பத்து வருஷமா மருந்தடிக்கிறவளா இருக்கலாம். ராமையா இருபது வருஷ மண்டோர். குடிக்கிறவளுக்கு என்ன தெரியும்?

எனக்கு உன் இன்ஜினியரும் வேணாம், உன் சட்டமும் வேணாம். நீ அந்தக் கல்லறைக்குப் போ. இப்பவே போ. போத்தலைக் கையில எடு. அதுக்கப்புறம் யாருக்கு என்ன போனாலும் போகட்டும்.

நீ அங்கே போகலன்னா எனக்கு இனிமே எழுதாதே.

அம்மாச்சி

*

கினின்தே
9.11.2024

அம்மாச்சிக்கு,

போனேன்.

உங்க கடிதம் வந்தப்போ இங்கே விடிஞ்சு கொஞ்ச நேரம்தான். படம் மங்கலா இருந்துச்சு, நடுவுல பாதி வரி கலங்கிப் போயிருந்துச்சு. இருந்தாலும் போ, போன்னு எழுதினது தெரிஞ்சது. லாரி ஒண்ணைப் பிடிச்சுப் போனேன்.

கல்லறைத் தோட்டம் பூரா ஆளுங்க. மார்லெனி முந்தின நாள் சாயங்காலமே வந்து ஒரு பக்கம் தெளிச்சிட்டாங்க போல. அந்தப் பக்கத்து எலேச்சோவெல்லாம் கருகித் தொங்குச்சு. மீதி மருந்து போத்தல்லயே இருந்துச்சு. கல்லறைத் திட்டு மேல ரொட்டி, பூ, கஞ்சிப் போத்தல்களோட அதுவும் நின்னுச்சு. மார்லெனி கொஞ்ச தூரத்துல பூவுக்குத் தண்ணி பிடிச்சிக்கிட்டு இருந்தாங்க. அவங்க மாமியார், கண்ணுல பூ விழுந்த கிழவி, துணியை அவிழ்த்து அந்தப் போத்தலைத்தான் கிண்ணத்துல சாய்ச்சிக்கிட்டு இருந்தாங்க.

விஷம்னு அவங்க பாஷையில எனக்குத் தெரியும் அம்மாச்சி. தினமும் கிளாஸ் எடுக்கும்போது சொல்ற வார்த்தை. அன்னிக்கு வரல. குடிக்காதீங்க, கீழ வைங்க, கீழ வைங்கன்னு தமிழ்ல கத்திக்கிட்டே ஓடினேன். கல்லறை பூரா திரும்பிப் பார்த்துச்சு. கிழவி என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க, எனக்கும் ஊத்தித் தரச் சொல்றேன்னு நினைச்சிருக்கணும். நான் கருகின செடியைப் பிடுங்கி அவங்க கண்ணுக்கு நேரா வச்சு எலேச்சோ, எலேச்சோன்னு கத்தினேன். போத்தலைக் காட்டி மலேசா. என் வாயைத் தொட்டு ஓஹா, நெஞ்சைத் தொட்டு ராயிஸ். பைத்தியம் மாதிரி. எனக்கு வந்தது செடி பேர் மட்டும்தான். கிழவி அந்தக் கருகின இலையைத் தடவிப் பார்த்தாங்க. மோந்து பார்த்தாங்க. கிண்ணத்தைக் கீழ வச்சாங்க.

அடுத்த வரிசையில இன்ஜினியர், அவர் அப்பா கல்லறைக்கு வந்திருந்தாரு. நான் கத்தின கத்துல வந்து போத்தலை எடுத்துப் பார்த்தாரு. யாரும் ஒண்ணும் சொல்ல வேண்டியிருக்கல.

மார்லெனிக்குத் திங்கக்கிழமை வேலை போச்சு. பம்பைக் கழுவிக் கொடுத்துட்டு என்கிட்ட வந்தாங்க. அடிப்பாங்கன்னு நினைச்சேன். மெதுவா, எனக்குப் புரியணும்னு ஒவ்வொரு சொல்லா சொன்னாங்க. "கேட்ல பார்த்தியே. அப்பவே என் கையில இருந்து வாங்கியிருக்கலாமே. தனியா இருந்தப்போ சொல்லியிருக்கலாமே."

இப்ப கும்பல்ல யாரும் என்னோட பேசறதில்ல. செடியைக் காட்டிப் பேர் கேட்கிறதில்ல. காட்டுன இடத்துல தெளிக்கிறாங்க, நேரம் ஆனா போறாங்க. எனக்கு வருத்தமா இருக்கணும், ஒரு கிழவி பிழைச்சிருக்காங்களேன்னு சந்தோஷமா இருக்கணும். ரெண்டும் இல்ல. கை கால் எல்லாம் யாரோடதோ மாதிரி இருக்கு.

அன்னிக்கு அந்தப் போத்தலைப் பார்த்துட்டும் சும்மா நின்னவங்க யாரு? எனக்குத் தெரியணும்.

ஷாமளா

*

கரங்கான்
24.11.2024

ஷாமளாவுக்கு,

இது தபால்ல வருது. கரங்கான் போஸ்ட் ஆபீசுக்கு நானே நடந்து போய்ப் போடப்போறேன். மாசக்கணக்கு ஆகும்னு கவுண்டர்ல இருக்கிற மலாய்க்காரப் பொண்ணு சொல்லுது. ஆகட்டும். இதைப் பக்கத்து வீட்டுப் போன்ல அனுப்ப முடியாது.

கேட்ல நீ கையைக் காட்டி அனுப்பினது தப்பு. மார்லெனி கேட்டது நியாயம். அப்புறம் ஓடினே, கத்தினே. மார்லெனி வேலை போகும்னு தெரிஞ்சும் கத்தினே. அந்தக் கிழவி இந்த வருஷம் மகன் கல்லறையில பூ வச்சிட்டு வீட்டுக்குப் போனா. அது போதும். யாரும் உன்னோட பேசலன்னா பேசாம இரு. நானும் அப்படித்தான் இருந்திருக்கேன், ஒண்ணும் ஆகாது.

அன்னிக்கு யாரு பார்த்தாங்கன்னு எனக்கு வாசுகிதான் சொன்னா. ஆஸ்பத்திரியில, அவளால ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு விட்டுத்தான் பேச முடிஞ்ச நேரம். யாரையும் குத்தம் சொல்லல. அதிசயம் மாதிரி சொன்னா. "அம்மா, நான் போத்தலைத் தூக்கினப்போ சின்னம்மா என் கையைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. துடைப்பத்தை அப்படியே நிறுத்திட்டாங்க. அப்புறம் கண்டக்டரைப் பார்த்தாங்க. அப்புறம் கூட்ட ஆரம்பிச்சிட்டாங்க."

அவ்வளவுதான் சொன்னா. தண்ணி கேட்டா. கொடுத்தேன், முழுங்க முடியல.

ஒரு வாய் குடிக்கிறதுக்குள்ள கத்த முடியலையா, சரி. பயம் வாயைக் கட்டியிருக்கும். கண்டக்டர் போனப்புறம் சொல்லியிருக்கலாம். சாயங்காலம் வாய் எரியுதுன்னு வாசுகி உட்கார்ந்திருந்தப்போ தேங்காய்ப் பால் கொண்டாந்து கொடுத்தாளே, அப்ப சொல்லியிருக்கலாம். மறுநாள் கிளினிக்குக்கு எங்க கூட வந்தா. பெஞ்சில வாசுகிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவ. என்ன சாப்பிட்டீங்க, என்ன குடிச்சீங்கன்னு உள்ள கேட்டாங்க. வாசுகி சார்சின்னு சொன்னா. அவ சின்னம்மா முந்தானை நுனியைச் சுருட்டிக்கிட்டு தரையைப் பார்த்தா. அவ அண்ணன்தான் மறுநாள் வந்து சொன்னான். அவனுக்கு வேலையும் வீடும் போகும்னு தெரிஞ்சே வந்து சொன்னான். அதனால ராமையா மேல எனக்கு இப்ப ஒண்ணும் இல்ல.

நான் அவகிட்ட இதைக் கேட்டதே இல்ல. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாது. தீபாவளி அன்னிக்கு வரைக்கும் தெரியாது. அன்னிக்கு என் கடிதத்தைப் படம் எடுக்கும்போது படிச்சா. கை ஆடிச்சு. அதான் உனக்குக் கலங்கி வந்திருக்கு. முறுக்குத் தட்டை அப்படியே வச்சிட்டுப் போனா. அடுத்த நாள் வந்தா. ரசம் கொண்டாந்திருந்தா. வாங்கி வச்சிக்கிட்டேன்.

லயத்துல ஒரே சுவரு, தாமான் குடியிருப்புக்கு வந்தும் ஒரே சுவரு. நீ பெரிய மனுஷி ஆனப்போ உனக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தினது அவ. என் முட்டிக்கு எண்ணெய் தேய்க்கிறது அவ. நான் செத்தா குளிப்பாட்டப் போறதும் அவளாத்தான் இருக்கும். நீ வந்தா அவளைப் பாட்டின்னு கூப்பிடு, காலைத் தொட்டுக் கும்பிடு, அது உன் பாடு. நான் தடுக்க மாட்டேன். அவகிட்ட இதைக் கேட்காதே. கேட்டா அழுவா, காலைப் பிடிப்பா, அப்புறம் நான் மன்னிச்சாகணும்.

உங்கப்பனை மன்னிச்சிட்டேன். அந்தச் சிரிப்பையும் குளிம்காரியையும் சேர்த்து. பூசாரியை மன்னிச்சிட்டேன். கதிரவேலு சீட்ல விரிச்ச துணியையும் போன வருஷம் அவர் செத்த சேதி வந்தப்போ விட்டுட்டேன். நீ பொய் சொல்லிட்டுப் போனதை விட்டுட்டேன், அரிசிப் பானையில இருந்து போனை எடுத்துத் துடைச்சு வச்சிருக்கேன், இனிமே அதுல கூப்பிடு.

ஒருத்தியை மட்டும் நான் மன்னிக்கப் போறதில்ல. கட்டையில போற வரைக்கும் இல்ல.

அம்மாச்சி அழகம்மா எழுதினது. அவ பேரு இராசாத்தி.